காருக்கு ரயில்... உங்களுக்கு ஃபுட்போர்டா?

காலை ஏழரை மணிக்கு வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறீர்களா? நின்றிருந்தால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதே இல்லை. காஞ்சிபுரம் போகிற கூட்டம் ஒரு பக்கம், செங்கல்பட்டு, தாம்பரம் போகிற கூட்டம் இன்னொரு பக்கம், கம்பெனி பஸ்ஸுக்காக யூனிஃபார்மோடு நிற்கிற ஒரகடம் கூட்டம் வேறு. பஸ் வந்து நிற்பதற்கு முன்னாடியே ஜன்னல் வழியாக ஒரு கர்ச்சீப் உள்ளே பறக்கும். ஸீட் ரிசர்வ்டு! கர்ச்சீப் போடத் தெரியாத அப்பாவிகளுக்கு ஃபுட்போர்டு.

இப்போது அப்படியே ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாங்க. ஒரு லோக்கல் வண்டி போன பிறகு வந்தால் பிளாட்பாரத்தில் உங்களையும் காக்காவையும் தவிர அதிகமாக யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால், சரக்கு ஏற்றுகிற பக்கம் பாருங்க. சில நாட்களில் அங்கே புத்தம் புது கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் தயாராகிற கார்களை ரயிலில் ஏற்றி வட மாநிலங்களுக்கு அனுப்புகிற முக்கியமான இடம் வாலாஜாபாத்!

கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். காருக்கு ரயில் கிடைக்கிறது. அந்தக் காரைச் செய்கிற அண்ணனுக்கும், நாளைக்கு அந்தக் கம்பெனியில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகப்போகிற உங்களுக்கும் ஃபுட்போர்டு.

'சரி பாஸ், இங்கே மெட்ரோவா விடப் போறாங்க?' என்று கேட்பீர்கள். மெட்ரோ வேண்டாம். அதற்குத் தம்பி ஒருத்தன் இருக்கிறான். லைட் ரயில். அவனைப் பற்றித்தான் இந்த வாரம்.

'லைட்' என்றால் என்ன?

முதலில் ஒரு விஷயம். லைட் ரயில் என்பது தகரத்தில் செய்த ரயில் இல்லை. அதில் லைட்டாக இருப்பது செலவும் கூட்டமும்தான். மெட்ரோவுக்குத் தரைக்கு மேலே தூண் வேண்டும், இல்லை என்றால் பூமிக்கு அடியில் சுரங்கம் வேண்டும். எஸ்கலேட்டர், கண்ணாடிக் கதவு, ஏசி ஸ்டேஷன் எல்லாம் வேண்டும். லைட் ரயில் அப்படி இல்லை. ரோட்டிலேயே ஓடும். பழைய தண்டவாளத்திலும் ஓடும். ரெண்டு, மூணு பெட்டிதான். தெருமுனையில் மெட்ரோ திரும்ப முடியாத இடத்தில் இது வளைந்து போய்விடும். ஸ்டேஷன் என்பது பஸ் ஸ்டாப்பைவிடக் கொஞ்சம் பெரிய மேடை, அவ்வளவுதான். நம் தாத்தா, பாட்டி காலத்து டிராம் வண்டிக்கு ஜிம்முக்குப் போன பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸில் 1895-ல் மின்சார டிராம் ஓட ஆரம்பித்து, 1953 வரை ஓடியது. பழைய தமிழ்ப் படங்களில் மணி அடித்துக்கொண்டு போகுமே, அதேதான்.

மத்திய அரசும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. மெட்ரோலைட். 2019-ல் இதற்கான விதிமுறைகளை வெளியிட்டார்கள். உச்ச நேரத்தில், ஒரு மணி நேரத்தில், ஒரே திசையில் 15,000 பேர் வரை போகிற பாதைகளுக்கு இது போதும் என்பது கணக்கு. செலவும் மெட்ரோவில் பாதிக்கும் குறைவு என்றார்கள். தாம்பரம் - வேளச்சேரி பாதைக்குக்கூட மெட்ரோலைட் பேச்சு அடிபட்டது. பேப்பரில் வந்த வேகத்துக்குத் தண்டவாளத்தில் வரவில்லை என்பது வேறு கதை.

இந்த 15,000 என்கிற எண்ணைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

1865-லேயே வந்த லைட் ரயில்!

இப்போது நான் சொல்லப்போவது நம்ம ஏரியா பசங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. காஞ்சிபுரத்துக்கு லைட் ரயில் ஒன்றும் புதுசு இல்லை. அது வந்து நூற்று அறுபது வருஷம் ஆகிவிட்டது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. (உடனே காலரைத் தூக்காதீர்கள்! அது ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜா. நம்மூர் வாலாஜாபாத் வேறு. ரெண்டுக்கும் பெயர் கொடுத்தவர் மட்டும் ஒருத்தர்தான்... ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா.) அந்தப் பாதை அரக்கோணம் வழியாகப் போனது. கோயிலும் பட்டும் இருக்கிற காஞ்சிபுரம் பாதையில் இல்லை. விட்டுப்போன ஊர்!

பெரிய ரயில் கம்பெனி இரண்டாம்கட்ட ஊருக்காகத் தனியாக ஒரு பாதை போடாது. அன்றைக்கும் அப்படித்தான். அந்த இடத்தில்தான் ஒரு சின்னக் கம்பெனி நுழைந்தது. பெயரே 'இந்தியன் டிராம்வே கம்பெனி'. 1862-ல் ஆரம்பித்தார்கள். பெரிய ரயில் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். இவர்கள் 3 அடி 6 அங்குலத்தில் ஒரு குட்டிப் பாதை போட்டார்கள். குட்டிப் பாதை என்றால் குட்டிப் பாலம், குட்டி எஞ்சின், குட்டி செலவு. 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு சுமார் 19 மைல் தூரம் வண்டி ஓட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. குட்டிப் பாதையாகவே அது நின்றுவிடவில்லை. கம்பெனி கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1874-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. 1878-ல் அந்தக் குட்டிப் பாதை மீட்டர்கேஜ் ஆனது. பிறகு காஞ்சிபுரத்திலிருந்து நாத்தப்பேட்டை, வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் என்று நீண்டு, பாலாற்றை ஒட்டிப் போய் செங்கல்பட்டைத் தொட்டது. நம்ம காலத்துக்குக் கிட்டே வந்து அகலப்பாதை ஆகி, மேலே மின்கம்பியும் வந்தது. பொறந்தப்போ போட்ட சட்டை சின்னது. வளர வளர மாத்திக்கிட்டாங்க, அவ்ளோதான்.

முதல் நாளே முழுசாகக் கட்ட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால், 1865-ல் காஞ்சிபுரத்துக்கு வண்டி வந்திருக்காது.

புயல் கொடுத்த டிராம்

இதே பார்முலாவை வெளிநாட்டில் இருவர் கையில் எடுத்தார்கள். இரண்டுமே நம்ம வாலாஜாபாத்துக்குப் பொருத்தமான கதைகள்.

அமெரிக்காவில் சான் டியாகோ. மெக்ஸிகோ எல்லையோரம் இருக்கிற ஊர். 1976-ல் ஒரு புயல் வந்து, அங்கிருந்த பழைய சரக்கு ரயில் பாதையைத் துவம்சம் செய்துவிட்டது. 'இதைப் பழுது பார்க்க கட்டுப்படி ஆகாது, மூடிடலாம்' என்றது ரயில் கம்பெனி. ஊர்ப் போக்குவரத்து வாரியம் அந்தப் பாதையையே விலைக்கு வாங்கிவிட்டது. மத்திய அரசிடம் கட்டுமானத்துக்குக் காசு கேட்கவில்லை. கேட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். புதுசாக டிசைன் செய்யாமல், ஜெர்மனியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியின் மாடலையே வாங்கினார்கள். 1981-ல் வண்டி ஓடியது. ஆரம்பத்தில் பல இடங்களில் ஒற்றைப் பாதைதான். கூட்டம் சேரச் சேர இரட்டைப் பாதை போட்டார்கள். சரக்கு ரயிலையும் துரத்தவில்லை. பகலில் மனுஷன், ராத்திரியில் சரக்கு. எப்படி ஐடியா?

அடுத்தது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ. மூணு லட்சம் பேர் இருக்கிற ஊர். நகரத்துக்குள் டிராம் ஓடும், வெளியே மெயின் லைன் ரயில் ஓடும். ரெண்டுக்கும் கரன்ட் வேறு. டிராமுக்கு 750 வோல்ட் நேர்மின்சாரம், ரயிலுக்கு 15,000 வோல்ட் மாறுமின்சாரம். கிராமத்திலிருந்து வருகிறவர் மெயின் ஸ்டேஷனில் இறங்கி, டிராமுக்குக் காத்திருந்து, மாறி ஏறி... 'போடா, கார்லயே போயிடலாம்' என்றாகிவிட்டது.

அங்கிருந்த இன்ஜினீயர்கள் ரெண்டு கரன்டிலும் ஓடுகிற ஒரே வண்டியைச் செய்தார்கள். 1992-ல் பிரெட்டன் என்கிற சின்ன ஊருக்கு முதல் வண்டி போனது. கடைத்தெருவில் டிராமாக ஏறுகிறீர்கள், ஊர் எல்லை தாண்டியதும் அதே வண்டி ரயில்வே தண்டவாளத்தில் ஏறி ரயிலாக ஓடுகிறது. நடுவில் குடியிருப்புகள் பக்கத்தில் புதுசாகக் குட்டி ஸ்டாப்புகள் வைத்தார்கள். அந்தப் பாதையில் பயணிகள் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. பிறகு ஒவ்வொரு ஊராக நீட்டிக்கொண்டே போனார்கள். எலெக்ட்ரிகல், மெக்கானிக்கல் மாணவர்கள் 'டிராம் - டிரெயின்' என்று தேடிப் படியுங்கள். செமினார் டாபிக் ரெடி!

நம்ம தண்டவாளம் என்ன செய்கிறது?

செங்கல்பட்டு - அரக்கோணம் பாதை அறுபது சொச்சம் கிலோமீட்டர். மின்மயம் ஆகிவிட்டது. சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாக காஞ்சிபுரத்துக்கும் திருமால்பூருக்கும் மின்சார ரயில் வருகிறது. திருமால்பூரைத் தாண்டி வண்டி போக முடியாமல் ரொம்ப நாள் இழுபறி. காரணம், அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமான தளம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் மின்கம்பி வரக் கூடாது. கடைசி சில கிலோமீட்டருக்கு வழி கிடைத்த பிறகுதான் 2019-ல் வட்ட ரயில் வந்தது. கடற்கரையில் ஏறி, தாம்பரம், செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் என்று சுற்றி மறுபடி கடற்கரைக்கே வந்துவிடலாம்.

ஆக, தண்டவாளம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அடுத்த வண்டி!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பன்னிரண்டு பெட்டி வண்டி ஒன்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே நாலாக வெட்டி, மூணு பெட்டி வண்டியாக முக்கால் மணிக்கு ஒன்று என்று விட்டால்? ஸீட்டு எண்ணிக்கை அதேதான். ஆனால் உங்க வாழ்க்கை வேற! முதல் கேஸில் நீங்க ரயிலோட டைம்டேபிளுக்கு வாழணும். ரெண்டாவதில் லேப் முடிஞ்சு, டீ குடிச்சுட்டு, நிதானமா ஸ்டேஷனுக்கு வரலாம். லைட் ரயிலின் ரகசியமே இதுதான். வண்டி சின்னது, வருகை ஜாஸ்தி.

அப்படியானால் ஏன் விடவில்லை? ரயில்வேயைத் திட்டுவது சுலபம், அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. நாலு வண்டி விட்டால் நாலு டிரைவர், நாலு கார்டு வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், இது ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும். 'கிராஸிங்' என்று சலித்துக்கொண்டே எத்தனை தடவை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்? சரக்கு வண்டிகளும் இதே பாதையில்தான் வந்தாக வேண்டும். அதனால்தான் இரட்டைப் பாதை என்கிற கோரிக்கை திரும்பத் திரும்ப எழுகிறது. முழுசாக இரட்டிப்பாக்கும் வரை, ஸ்டேஷன்களில் ஒதுங்கும் பாதையைக் கூட்டினாலே கூடுதலாகச் சில வண்டிகளை விட முடியும். சான் டியாகோவும் ஒற்றைப் பாதையில்தானே ஆரம்பித்தது!

இன்னொரு விஷயம். ரயில்வே விதிப்படி, வீட்டிலிருந்து படிக்கிற இடத்துக்குப் போய்வர மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், மாணவர்களுக்குப் பிளஸ் டூ வரையிலும் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் வாங்கி என்ன செய்வது? இலவச டிக்கெட் இருந்தும், கல்லூரி விடுகிற நேரத்துக்கு வண்டி இல்லை என்றால், பஸ்ஸுக்குக் காசு எண்ண வேண்டியதுதான். வீட்டில் 'ராத்திரி ஏழு மணிக்கு மேல ஆனா அந்தக் காலேஜே வேணாம்' என்று சொல்கிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பெண் எந்த கோர்ஸ் படிக்கலாம் என்பதைக் கடைசி வண்டியின் நேரம் முடிவு செய்கிறது.

இருபது லட்சம் இருந்தால்தான் ரயிலா?

2025 நவம்பரில் ஒரு சேதி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. கோவையில் 39 கிலோமீட்டருக்கு 10,740 கோடி ரூபாய், மதுரையில் சுமார் 32 கிலோமீட்டருக்கு 11,368 கோடி ரூபாய் என்று போட்ட திட்டங்கள். சொன்ன காரணங்களில் முக்கியமானது, 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள் தொகை இல்லை என்பது. அதுவும் 2011 கணக்கெடுப்பை வைத்து! அப்போது பிறந்த குழந்தை இப்போது ஒன்பதாவது, பத்தாவது படிக்கும். ஆக்ராவுக்கும் போபாலுக்கும் பாட்னாவுக்கும் அதே கணக்கெடுப்பில் 20 லட்சம் இல்லையே என்று தமிழக அரசு கேட்டது. நியாயமான கேள்விதான்.

ஆனால், இதில் நமக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. கோவைக்கே இந்தப் பதில் என்றால், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு மாதிரி ஊர்கள் எந்த மூலை? மெட்ரோ அளவுகோலை வைத்தால் இவை கணக்கிலேயே வராது. ஆனால் தனித்தனியாகத்தானே சின்ன ஊர்? ஒரே தண்டவாளத்தில் கோத்துப் பாருங்கள். நடுவில் ஒரகடம் தொழிற்பேட்டை, சுற்றிலும் இன்ஜினீயரிங் காலேஜ்கள், பட்டு வாங்க வருகிற கூட்டம், கோயில் கூட்டம். மூணு ஊர் இல்லை, ஒரே ஊர் மாதிரிதான் தினமும் ஜனங்கள் ஓடுகிறார்கள்.

சென்னை மெட்ரோ நம் பக்கம் வராமல் இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை நீட்டிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். முதல் கட்டமாக சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டருக்கு 8,779 கோடி ரூபாய் மதிப்பீடு. 2022-ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்தை மனதில் வைத்து வருகிற பாதை அது. அந்த விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் நடத்திய போராட்டம் தனிக் கட்டுரைக்கான விஷயம். பாதை வந்தாலும் சென்னை - பெங்களூரு ரோட்டை ஒட்டித்தான் வரும். வாலாஜாபாத் அங்கிருந்து தெற்கே இருக்கிறது. விமானத்தில் போகிறவருக்கு மெட்ரோ, காலேஜுக்குப் போகிறவருக்கு கர்ச்சீப்!

தேர் வந்தால் என்ன செய்வது?

எல்லாம் சரி, ஓட்டை இல்லாமல் இல்லை. முதல் ஓட்டை, ஒரகடம். இந்த ரயில் பாதை அந்தப் பக்கமே போகவில்லை. வாலாஜாபாத் ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து வண்டலூர் ரோட்டில்தான் போக வேண்டும். ரயில் நேரத்துக்கு ஒட்டி ஒரு பஸ் வாசலில் நிற்காவிட்டால் என்ன ரயில் விட்டும் பிரயோஜனம் இல்லை. இந்தப் பாடத்தைச் சென்னை பறக்கும் ரயில் ஏற்கெனவே நடத்திவிட்டது. 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று நீண்டது. மலை மாதிரி ஸ்டேஷன்கள் கட்டினார்கள், ஆனால் கீழே பஸ்ஸோடு ஒழுங்காகச் சேர்க்கவில்லை. பல வருஷம் அந்த ஸ்டேஷன்கள் காற்று வாங்கின. ஸ்டேஷனைப் பெரிதாகக் கட்டுவதில் நமக்கு இருக்கிற ஆர்வம், வாசலில் ஒரு பஸ்ஸை நிறுத்துவதில் ஏனோ இல்லை.

ரெண்டாவது, காஞ்சிபுரத்துக்குள் வண்டி எப்படி வரும்? பட்டுக்கடை எல்லாம் காந்தி ரோடு பக்கம். கார்ல்ஸ்ரூ மாதிரி வண்டியைத் தெருவிலேயே விட்டால் மேலே கம்பி கட்ட வேண்டும். வைகாசியில் வரதர் தேர் வந்தால்? இதற்கும் ஒருத்தர் வழி கண்டுபிடித்திருக்கிறார். பிரான்ஸில் போர்டோ நகரம், 2003. பழமையான கட்டடங்களுக்கு நடுவே கம்பி தொங்கக் கூடாது என்று தரையிலேயே மின்சாரத்தைப் பதித்துவிட்டார்கள். வண்டி நிற்கிற துண்டில் மட்டும் கரன்ட் பாயும். மனுஷன் மிதிக்கிற துண்டில் பாயாது. நம்ம ஊர் மழைத்தண்ணீரில் அது எப்படி வேலை செய்யும் என்று யோசித்தால் கொஞ்சம் பயம்தான். என் ஓட்டு வேறு. தேர் வீதிகளை விட்டுவிடுங்கள். ஸ்டேஷன் வரைக்கும் அடிக்கடி ரயில், அங்கிருந்து மினி பஸ். அது போதும் முதல் பத்து வருஷத்துக்கு.

மூன்றாவது ஓட்டைக்குத் தண்டவாளமே காரணம் இல்லை. இலங்கையில் மாலபேயிலிருந்து கொழும்பு கோட்டை வரை சுமார் 16 கிலோமீட்டருக்கு லைட் ரயில் போட ஜப்பான் கடன் கொடுத்தது. 2019-ல் ஒப்பந்தம். ஆட்சி மாறியது. 2020-ல் திட்டம் ரத்து! மாலபேயும் காலேஜ் பசங்க நிறைந்த இடம்தான்.

உங்களுக்கு ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்

அந்த 15,000-ஐ எடுங்கள். ஒரு பஸ்ஸில் 60 பேர், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 1,800 பேர். 15,000 வர 250 பஸ் வேண்டும். வாலாஜாபாத்தில் அவ்வளவு கூட்டம் இருக்காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு இருக்கிறது? கேட்கப் போகிறவர் கையில் ஒரு எண் வேண்டும். 'ரொம்பக் கூட்டமா இருக்கு சார்' என்பது மனு. 'ஏழரை முதல் எட்டரை வரை செங்கல்பட்டு திசையில் இத்தனை பேர், காஞ்சிபுரம் திசையில் இத்தனை பேர்' என்பது டேட்டா.

சிவில் மாணவர்கள் இருந்தால் இன்னும் வசதி. நாலு பேர் சேருங்கள். ரெண்டு பேர் பஸ் ஸ்டாண்டில், ஒருத்தர் ஸ்டேஷனில், ஒருத்தர் ஒரகடம் ரோட்டில். வருகிற ஒவ்வொரு வண்டியின் நேரம், உட்கார்ந்தவர்கள், நிற்பவர்கள், படிக்கட்டில் தொங்குகிறவர்கள் என்று நாலு கட்டம் போட்ட நோட்டு போதும். ஏறுகிறவரிடம் ஒரே கேள்வி: 'எங்கே இறங்குவீங்க?' சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரை இதையே திருப்பிச் செய்யுங்கள். கம்பெனி பஸ்ஸையும் தனியாக எண்ணுங்கள், அதில் போகிறவர்கள் வேறு எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முகூர்த்த நாளும் வேண்டாம்... பட்டு எடுக்க வருகிற கூட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். சாதாரண செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். கார் ஏற்றின ரயில் கிளம்பினால், அதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை கார் என்று!